ஆண்டு, ஆண்டுதோறும், வருடாந்திர: எதை எங்கே எழுதுவது? முழுமையான வழிகாட்டி

ஒரு சங்கத்தின் நோட்டீஸ் இப்படித் தொடங்குகிறது: “ஒவ்வொரு ஆண்டுதோறும் நடைபெறும் வருடாந்திர ஆண்டு விழா.” ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது என்ற ஒரே செய்தியை இந்த வரி நான்கு தடவை சொல்லிவிட்டது. எத்தனையாவது ஆண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. வாசிப்பவருக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அழைப்பிதழ், ஆண்டறிக்கை, சந்தா ரசீது, கடன் பத்திரம், நினைவஞ்சலி அட்டை என்று எதை எழுதினாலும் இந்தச் சொல் வந்து நிற்கும். சிறிய சொல்தானே என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என விடுகிறோம். பிழை அங்கேதான் புகுகிறது. கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலான தவறுகள் எழுதும்போதே நின்றுவிடும். வரிசையை மாற்ற வேண்டாம். பொருளை முடிவு செய்யாமல் ஒற்றுப் பிழை பார்ப்பது வீண் வேலை.

எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று விவரங்கள் போதும். முதலாவது, தொடங்கிய தேதி: சங்கம் தொடங்கியது, கடன் கொடுத்தது, திருமணம் நடந்தது, எதுவானாலும் நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். “2020-இல்தான் ஆரம்பித்தோம்” என்ற அளவில் நின்றால் எட்டாம் படியில் தடுமாறுவீர்கள். இரண்டாவது, எந்த ஆண்டுக் கணக்கு என்பது: நாட்காட்டி ஆண்டா, நிதியாண்டா, கல்வியாண்டா. மூன்றாவது, யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது. தமிழ்நாட்டு வாசகருக்கும் இலங்கை வாசகருக்கும் பழகிய வடிவம் ஒன்றல்ல.

1. முதலில் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

நீங்கள் எழுதும் வரி எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். சொல்லை அந்தக் கேள்விதான் தேர்ந்தெடுக்கும்.

“எப்போதெல்லாம் நடக்கும்?” என்றால் ஆண்டுதோறும், ஒவ்வோர் ஆண்டும். “என்ன வகை அறிக்கை, என்ன வகைக் கூட்டம்?” என்றால் ஆண்டறிக்கை, ஆண்டுக் கூட்டம். “எவ்வளவு வீதம்?” என்றால் ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு. “எவ்வளவு காலம்?” என்றால் ஓராண்டு, ஐந்தாண்டு. “எத்தனையாவது?” என்றால் ஐந்தாம் ஆண்டு. “எத்தனை முடிந்தது?” என்றால் ஐந்தாண்டு நிறைவு.

புதிதாக எழுதுபவர்கள் இந்த ஆறையும் ஒரே பெட்டியில் போட்டு, மேலே “வருடாந்திர” என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சொல்லால் இரண்டாவது கேள்விக்கு மட்டுமே ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

2. எந்த ஆண்டு என்பதை முடிவு செய்யுங்கள்

“கடந்த ஆண்டு வரவு செலவு” என்று எழுதினால், வாசிப்பவர் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இலங்கை அரசின் வரவு செலவுத் திட்டமோ ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையான ஆண்டுக்கு உரியது. ஆகவே கணக்கு பேசும் இடத்தில் “2024-25 நிதியாண்டு” என்று பெயரோடும் எண்ணோடும் எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் நிலம் சார்ந்த தாள்களில் இன்னோர் ஆண்டும் உண்டு: பசலி. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. ஜமாபந்தி என்று ஊர்களில் சொல்லும் வருவாய்த் தீர்வாயம் இந்தப் பசலிக் கணக்கை முடிப்பதற்குத்தான். “2025ஆம் ஆண்டு ஜமாபந்தி” என்று மட்டும் எழுதிப் பசலி எண்ணை விட்டுவிட்டால், மனு எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்பது தெளிவாகாது.

திருவள்ளுவர் ஆண்டு போட வேண்டுமானால் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள்: 2025 என்றால் 2056. அது தைத் தொடக்கத்தை ஒட்டி மாறும் ஆண்டு. ஜனவரி முதல் பாதியில் வரும் தேதிகளுக்கு நாட்காட்டியைப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

திதிப்படி வரும் ஆண்டுச் சடங்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். திவசம் ஆங்கிலத் தேதியில் வராது. மாதத்தையும் திதியையும் கொண்டு கணிக்கப்படுவதால் தேதி ஒவ்வோர் ஆண்டும் நகரும். சென்ற ஆண்டு அட்டையிலிருந்து தேதியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். கோயில் வருஷாபிஷேகமும் இப்படியே, பெரும்பாலும் நட்சத்திரத்தை ஒட்டியே வரும்.

3. செயலைச் சொல்லும்போது: தோறும், ஒவ்வோர்

நடக்கிறது, கூடுகிறது, வழங்குகிறோம் என்று வினை வரும் இடத்தில் “ஆண்டுதோறும்” என்பதே இயல்பான சொல். “ஆண்டுதோறும் தை மாதத்தில் கூடுகிறோம்.” இதைச் சேர்த்தே எழுத வேண்டும், நடுவில் ஒற்றும் வராது. “ஆண்டுத்தோறும்” பிழை. வருடம் என்ற சொல்லோடு சேர்த்தால் “வருடந்தோறும்”.

“ஒவ்வொரு ஆண்டுதோறும்” ஏன் தவறு? தோறும் என்பதற்குள்ளேயே ஒவ்வொரு என்ற பொருள் இருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வேண்டும். ஆண்டுதோறும் என்றோ ஒவ்வோர் ஆண்டும் என்றோ எழுதுங்கள். உயிரெழுத்துக்கு முன் “ஒவ்வோர்”, மெய்க்கு முன் “ஒவ்வொரு”: ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு வருடமும். கடைசியில் வரும் “உம்” மிக முக்கியம். “ஒவ்வொரு ஆண்டு நடக்கும் விழா” என்று உம் இல்லாமல் எழுதினால் வாக்கியம் கால் ஒடிந்து நிற்கும்.

இரண்டும் ஒன்றா? ஏறத்தாழ ஒன்றுதான், சாயல் மட்டும் வேறு. வழக்கமாக நடப்பதைச் சொல்ல “ஆண்டுதோறும்” பொருந்தும். ஆண்டுக்கு ஆண்டு ஆளோ அளவோ மாறும் என்றால் “ஒவ்வோர் ஆண்டும்” தெளிவாக இருக்கும். “ஒவ்வோர் ஆண்டும் ஒருவருக்கு விருது” என்றால் ஆண்டுக்கு ஒரு புதிய ஆள் என்பது சட்டென்று விளங்குகிறது.

எதிர்மறையில் ஒரு பொறி இருக்கிறது. “ஆண்டுதோறும் நடப்பதில்லை” என்றால் சில ஆண்டுகள் விட்டுப்போகிறதா, நடப்பதே இல்லையா? முதலாவது என்றால் “எல்லா ஆண்டும் நடப்பதில்லை” என்றும், இரண்டாவது என்றால் “எந்த ஆண்டும் நடந்ததில்லை” என்றும் எழுதுங்கள்.

பேச்சு வழக்கில் “வருஷா வருஷம்” என்கிறோம். உரையாடலிலும் நட்பாக எழுதும் கடிதத்திலும் அது அழகாகவே இருக்கும். தீர்மானப் புத்தகத்தில் வேண்டாம்.

4. பெயருக்கு முன்னே: ஆண்டு, வருடாந்திர, வருடாந்த

அறிக்கை, கூட்டம், மலர், விழா போன்ற பெயருக்கு முன்னால் “ஆண்டு” என்ற சொல்லே போதும். ஆண்டறிக்கை, ஆண்டுக் கூட்டம், ஆண்டு மலர், ஆண்டு விழா. தமிழில் ஒரு பெயர் இன்னொரு பெயருக்கு அடையாக நிற்பதற்குத் தனி விகுதி வேண்டியதில்லை. அது தெரியாதபோதுதான் “ஆண்டுக்கான கூட்டம்”, “ஆண்டு ரீதியான அறிக்கை” என்றெல்லாம் நீட்டத் தோன்றுகிறது.

“வருடாந்திர” என்பது வருடம், அந்தரம் என்ற வடசொற்களின் சேர்க்கை. “வருடாந்தர” என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டு அச்சில் அதிகம் புழங்குவது வருடாந்திர. இலங்கைத் தமிழில் “வருடாந்த” என்பதே வழக்கு: வருடாந்தப் பொதுக்கூட்டம், வருடாந்த உற்சவம். யாழ்ப்பாணத்து வாசகருக்கு எழுதும்போது “வருடாந்த” என்பதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அது அவர்களுடைய செம்மையான வடிவம். ஒரே தாளில் மூன்றையும் கலப்பதுதான் பிழை.

எதைத் தேர்ந்தெடுப்பது? “ஆண்டு” என்று போட்டால் குழப்பம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். “ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்” என்பது தெளிவாகவே இருக்கிறது. “இவ்வாண்டு ஆண்டுக் கூட்டம்” காதில் இடறுகிறது. அங்கே “இந்த ஆண்டின் பொதுக்கூட்டம்” என்று மாற்றிவிடலாம், அல்லது “இவ்வாண்டின் வருடாந்திரக் கூட்டம்” எனலாம். வருடாந்திர என்ற சொல்லின் இடம் அவ்வளவுதான். அதை வினையோடு சேர்த்து “வருடாந்திரமாக நடைபெறுகிறது” என்று எழுதுவது தமிழ் ஓசைக்கு ஒட்டவில்லை. அங்கே ஆண்டுதோறும்தான் வேண்டும்.

5. ஒற்று: எங்கே மிகும், எங்கே மிகாது

மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு அதிக வேலை வைப்பது இந்தப் படி. “ஆண்டு” மென்தொடர்க் குற்றியலுகரச் சொல், அதாவது மெல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடியும் சொல். அது அடுத்த பெயரோடு சேர்ந்து ஒரே பொருளாக ஆகும்போது, அந்தப் பெயர் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: ஆண்டுக் கணக்கு, ஆண்டுச் சந்தா, ஆண்டுத் தேர்வு, ஆண்டுப் பிறப்பு. மற்ற மெய்களில் தொடங்கினால் எதுவும் வராது: ஆண்டு மலர், ஆண்டு வருமானம், ஆண்டு நிறைவு, ஆண்டு விழா.

பக்கத்தில் வினை வந்தால் மிகாது. இந்த இணைகளைப் பாருங்கள்:

புத்தாண்டு பிறந்தது, புத்தாண்டுப் பிறப்பு.
புத்தாண்டு கொண்டாடினோம், புத்தாண்டுக் கொண்டாட்டம்.
ஓராண்டு படித்தான், ஓராண்டுப் படிப்பு.

இடப்பக்கம் இரண்டு சொற்களும் தனித்தனியாக வேலை செய்கின்றன. வலப்பக்கம் சேர்ந்து ஒரு பெயராகின்றன. விதியை மனப்பாடம் செய்ய முடியாதவர்கள் “பிறந்தது, பிறப்பு” என்ற ஓர் இணையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

உயிரெழுத்து வந்தால் உகரம் போய்ச் சேரும்: ஆண்டறிக்கை, ஆண்டிறுதி, ஆண்டிதழ். “ஆண்டூதியம்” இலக்கணப்படி சரிதான், ஆனாலும் வாசிப்பவர் ஒரு கணம் திகைப்பார். “ஆண்டு ஊதியம்” என்று பிரித்தே எழுதுங்கள். பன்மையில் “ஆண்டுகள்” மட்டுமே. “ஆண்டுக்கள்” என்று ஒற்றைத் திணிக்காதீர்கள்.

வருடம் என்ற சொல்லில் இறுதி ம் கெட்டு வல்லினம் மிகும்: வருடக் கணக்கு, வருடப் பிறப்பு. வருடாந்திர, வருடாந்த என்பவையும் இந்த வழிதான்.

6. எண்ணோடு சேர்க்கும்போது

ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு, நான்காண்டு, ஐந்தாண்டு, ஆறாண்டு, ஏழாண்டு, எட்டாண்டு, பத்தாண்டு, நூற்றாண்டு. பிரித்து எழுதினால் “ஓர் ஆண்டு”, “ஒரு வருடம்”. “ஒராண்டு” என்று குறிலில் எழுதுவது பிழை.

“ஐந்தாண்டு” என்பதற்கும் “ஐந்தாம் ஆண்டு” என்பதற்கும் இடையே இருப்பது ஓர் “ஆம்” மட்டும்தான், பொருளோ வெகுதூரம். முதலாவது ஐந்து ஆண்டு நீளமுள்ள காலம். இரண்டாவது வரிசையில் ஐந்தாவதாக வரும் ஓர் ஆண்டு. 1951-இல் இந்தியாவில் தொடங்கியது முதலாம் ஐந்தாண்டுத் திட்டம். இந்தத் தொடரில் “முதலாம்” வரிசையைச் சொல்கிறது, “ஐந்தாண்டு” நீளத்தைச் சொல்கிறது. இரண்டும் அதனதன் இடத்தில் நிற்பதால்தான் குழப்பம் இல்லை.

எண்ணால் எழுதும்போது “5-ஆம் ஆண்டு” அல்லது “5ஆம் ஆண்டு”. நாளிதழ்களில் “5-ம் ஆண்டு” என்றும் காணலாம். எதை எடுத்தாலும் தாள் முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

வயதைச் சொல்லும் “ஈராட்டை, மூவாட்டை” போன்ற பழைய வடிவங்கள் இன்று பொதுப் புழக்கத்தில் இல்லை. ஆனால் இலங்கையில் முதலாண்டு நிறைவில் செய்யும் சடங்கை “ஆட்டைத் திவசம்” என்கிறார்கள். ஆண்டு என்பதன் திரிபுதான் அந்த “ஆட்டை”. அந்த வட்டார அட்டையைத் திருத்தும்போது அச்சுப் பிழை என்று எண்ணி மாற்றிவிடாதீர்கள்.

7. ஆண்டுக்கு இருமுறையா, ஈராண்டுக்கு ஒருமுறையா?

இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் அளவு நான்கு மடங்கு தவறும். ஆண்டுக்கு இருமுறை என்றால் நான்கு ஆண்டில் எட்டு. ஈராண்டுக்கு ஒருமுறை என்றால் இரண்டு. “இரண்டாண்டு கூட்டம்”, “இரு ஆண்டுத் தேர்வு” என்ற அரைகுறைச் சுருக்கங்கள் எதையும் தெளிவாகச் சொல்வதில்லை. “ஆண்டுக்கு இருமுறை”, “ஈராண்டுக்கு ஒருமுறை” என்று முழுதாகவே எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒன்று என்றால் “அரையாண்டு”, மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் “காலாண்டு”. இந்த இரண்டு சொற்களும் பள்ளித் தேர்வு வழியாக எல்லோருக்கும் பழகியவை.

நெடுங்கால இடைவெளியில் வருபவற்றுக்கு “வருடாந்திர” என்று அடைமொழி போடுவது அடிக்கடி காணும் தவறு. மாசி மகம் ஆண்டுதோறும் வரும். கும்பகோணம் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2004-இலும் 2016-இலும் நடந்தது. காஞ்சிபுரத்தில் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருள்வது 40 ஆண்டுக்கு ஒருமுறை, 1979, 2019. விழா என்றாலே ஆண்டு விழா என்று கை பழகிவிட்டதால் இந்தத் தவறு நேர்கிறது.

பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடங்களில் “ஆண்டுக்கு ஒருமுறை” என்பதும் போதாது. தீயணைப்புக் கருவியை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று எழுதி வைத்தால், 2024 ஜனவரியில் ஒரு சோதனை, 2025 டிசம்பரில் அடுத்தது என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஒன்று ஆகிவிடுகிறது. நடுவில் போனது 23 மாதம். “முந்தைய சோதனையிலிருந்து 12 மாதத்துக்குள்” என்று எழுதினால் அந்த ஓட்டை அடைபடும்.

8. எத்தனையாவது, எத்தனை நிறைந்தது

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். அழைப்பிதழ் அச்சான பிறகு கண்டுபிடிக்கப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கே பிறந்தவை.

“ஆம்” என்பதைத் தமிழில் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். ஒன்று, நடந்துகொண்டிருக்கும் ஆண்டைக் குறிப்பது. இரண்டாம் ஆண்டு மாணவர் என்றால் முதலாம் ஆண்டு முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று, நிறைந்த ஆண்டைக் குறிப்பது. 2023 மார்ச் 10-இல் ஒருவர் காலமானால், 2024 மார்ச் 10 முதலாம் ஆண்டு நினைவு நாள். அன்று ஓராண்டு முடிந்துவிட்டது. இருந்தும் “முதலாம்” என்கிறோம். 25ஆம் ஆண்டுத் திருமண நாளும் 25 முடிந்த நாள்தான்.

ஆகவே நாளைக் குறித்தால் நிறைந்த எண்; ஓடும் காலத்தைக் குறித்தால் நடக்கும் எண்.

ஓர் இதழ் 2020 ஜனவரியில் வெளிவரத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி இதழில் “மலர் 6, இதழ் 1” என்று போட வேண்டும். ஐந்து ஆண்டு நிறைந்து ஆறாவது தொடங்கியிருக்கிறது. அதே இதழ் விழா எடுத்தால் அது “ஐந்தாண்டு நிறைவு விழா” அல்லது “ஆறாம் ஆண்டுத் தொடக்க விழா”. “ஐந்தாம் ஆண்டுத் தொடக்க விழா” என்று போட்டால் ஓராண்டு காணாமல் போய்விடும். 2025-இலிருந்து 2020-ஐக் கழித்தால் ஐந்து, ஆகவே ஐந்தாம் ஆண்டு என்று கணக்குப் போடுவதுதான் காரணம். கழித்தால் கிடைப்பது நிறைந்த எண். நடக்கும் எண் வேண்டுமானால் ஒன்று கூட்ட வேண்டும்.

தொடங்கிய தேதி இன்னும் வரவில்லை என்றால் கழித்துக் கிடைத்த எண்ணிலிருந்து ஒன்று குறையும். 2020 நவம்பரில் தொடங்கிய சங்கத்துக்கு 2025 ஜூனில் நிறைந்தது நான்கு ஆண்டுதான், நடப்பது ஐந்தாவது. தேதி முழுதாக வேண்டும் என்று முதலில் சொன்னது இதற்காக.

ஆண்டு விழாக்களுக்கு மட்டும் ஒரு விலக்கு. தொடங்கிய ஆண்டுக்குள்ளேயே முதல் விழாவை நடத்திவிடும் பள்ளிகளும் மன்றங்களும் உண்டு. அங்கே “பத்தாம் ஆண்டு விழா” என்றால் பத்தாவது முறையாக நடக்கும் விழா. ஏதாவது ஓர் ஆண்டு விழா நடக்காமல் போயிருந்தால் எண்ணிக்கை உடைந்துவிடும். பழைய அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்து எண்ணிய பிறகே புதிய எண்ணைப் போடுங்கள்.

வெள்ளி விழா 25, பொன் விழா 50, வைர விழா 60, பவள விழா 75. ஒருவருடைய 60 வயது நிறைவுக்கு மணிவிழா. எல்லாம் நிறைந்த ஆண்டுகளின் கணக்கே.

9. வீதம்: “ஆண்டுக்கு” என்பதை விட்டுவிடாதீர்கள்

வட்டி எழுதும்போது இந்த ஒரு சொல் விடுபட்டால் காசு போகும். ஊர்ப் பேச்சில் “ரெண்டு வட்டி” என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஒரு லட்சத்துக்கு மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000. பத்திரத்தில் “2 சதவீத வட்டி” என்று மட்டும் எழுதினால், கொடுத்தவர் மாதம் என்பார், வாங்கியவர் ஆண்டு என்பார். ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு ஆண்டு முழுவதற்கும் 2,000 தான். இரண்டுக்கும் வித்தியாசம் 12 மடங்கு.

ஆகவே “ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 24 வீதம்” அல்லது “மாதமொன்றுக்கு நூற்றுக்கு 2 வீதம்” என்று முழுதாக எழுதுங்கள். வட்டிக்கு வட்டி உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் 2 சதவீதம் கூட்டு வட்டியானால் ஆண்டு முடிவில் அது 24 அல்ல, ஏறத்தாழ 26.8 சதவீதம்.

சந்தாவிலும் இதே கதை. “ஆண்டுச் சந்தா ரூ. 500” என்பது கட்டண வீதம். “ஓராண்டுச் சந்தா ரூ. 500” என்பது பணம் கட்டிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் என்ற எண்ணத்தைத் தரும். சங்கம் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைத்திருந்தால், டிசம்பரில் சேர்ந்தவர் மார்ச்சில் மீண்டும் பணம் கேட்டதும் கோபப்படுவார். அவர் மேல் தவறில்லை. ரசீதில் “2025-26க்கான ஆண்டுச் சந்தா” என்று இருந்தால் இந்தப் பேச்சே எழாது.

10. செடி கொடிகளைப் பற்றி எழுதும்போது

ஓராண்டுத் தாவரம் என்றால் ஆண்டுதோறும் பூப்பது அல்ல. முளைத்து, பூத்து, விதை விட்டு ஒரே ஆண்டுக்குள் வாழ்வை முடிப்பது. நெல், கம்பு, கடுகு இந்த வகை. “ஆண்டுத் தாவரம்” என்று எழுதினால் இந்தப் பொருள் வராது. பாடநூல் தமிழில் ஒருபருவத் தாவரம் என்பார்கள். கேரட்டும் முட்டைக்கோசும் இருபருவத் தாவரங்கள், அதாவது முதல் ஆண்டு கிழங்கோ இலையோ, இரண்டாம் ஆண்டு பூவும் விதையும். மா, பலா போன்றவை பல்லாண்டுத் தாவரங்கள்.

11. பக்கத்தில் நின்று ஏமாற்றும் சொற்கள்

“ஆண்டு முழுவதும்” என்றால் இடைவிடாமல் பன்னிரண்டு மாதமும். “ஆண்டுக்கணக்கில்” என்றால் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போவது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது என்போம். “ஆண்டாண்டு காலமாக” என்பது வெகு காலமாக. இந்த மூன்றில் எதற்கும் ஆண்டுதோறும் என்ற பொருள் இல்லை. “ஆண்டாண்டு காலமாக நடக்கும் விழா” என்று எழுதினால் பழமை தெரியும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது தெரியாது.

12. ஒரு நோட்டீசைத் திருத்திப் பார்ப்போம்

சங்கம் தொடங்கியது 2020 ஜூன் 14. விழா 2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. வந்த கையெழுத்துப் படி இது:

“ஒவ்வொரு ஆண்டுதோறும் நடைபெறும் எமது சங்கத்தின் வருடாந்திர 5-ஆம் ஆண்டு துவக்க விழா. கடந்த ஆண்டு கணக்கு தாக்கல் செய்யப்படும். ஆண்டு சந்தா ரூ. 500. செயற்குழு இரண்டாண்டு கூடும்.”

எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஜூன் 14 கடந்துவிட்டது, ஐந்து ஆண்டு நிறைந்தது, நடப்பது ஆறாவது. “5-ஆம் ஆண்டு துவக்க விழா” போய் “ஐந்தாண்டு நிறைவு விழா” வர வேண்டும். விழாவுக்கு எண் வந்ததும் “ஒவ்வொரு ஆண்டுதோறும்”, “வருடாந்திர” இரண்டுக்கும் வேலை இல்லை, அடித்துவிடுங்கள்.

அடுத்து, கணக்கு எந்த ஆண்டுக்கு உரியது என்று பொருளாளரிடம் கேளுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை என்றால் “2024-25 நிதியாண்டு” என்று பெயர் கொடுங்கள். சந்தாவுக்கும் அதே போல் ஆண்டு எண். கடைசி வரிக்குச் செயலாளரைக் கேட்டே ஆக வேண்டும். ஆண்டுக்கு இருமுறை கூடுமா, ஈராண்டுக்கு ஒருமுறையா என்பதை வாக்கியத்திலிருந்து ஊகிக்க முடியாது. அவர் முதலாவதுதான் என்கிறார்.

ஒற்றுகளைச் சரிபார்த்த பின் அச்சுக்குப் போகும் படி:

“எமது சங்கத்தின் ஐந்தாண்டு நிறைவு விழா, 15-06-2025, ஞாயிற்றுக்கிழமை. 2024-25 நிதியாண்டின் வரவு செலவுக் கணக்கு தாக்கல் செய்யப்படும். 2025-26க்கான ஆண்டுச் சந்தா ரூ. 500. செயற்குழு ஆண்டுக்கு இருமுறை கூடும்.”

“வரவு செலவுக் கணக்கு தாக்கல்” என்ற இடத்தில் கணக்குக்குப் பின் ஒற்றுப் போடவில்லை. “செய்யப்படும்” என்ற வினைக்கு எழுவாய் அந்தக் கணக்கு. “கணக்குத் தாக்கல் நடைபெறும்” என்று மாற்றினால் ஒற்றும் கூடவே வரும்.